மங்கி டாப் பங்களாவை 1:87-ல் கிட்டாகக் கொண்டுவருவது: வரைபடம், மரம், லேசர், ஓட்டுக் கூரை

அல்சூர் தச்சன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஒயிட்ஃபீல்டு பக்கம் இன்னும் மிச்சம் நிற்கிற பழைய பங்களாக்களில் வாசல் முகப்புக்கும் சன்னலுக்கும் மேலே கூம்பாக ஒரு மர வேலைப்பாடு இருக்குமே, மங்கி டாப், அப்படிப்பட்ட ஒரு வீட்டை 1:87-ல், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு அளவில், கிட்டாகக் கொண்டுவர வரைந்துகொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் துண்டை ஒடித்து ஒட்டுகிற கிட் இல்லை. அமெரிக்க மாடல் ரயில்காரர்கள் கிராஃப்ட்ஸ்மேன் கிட் என்பார்களே, அந்த வகை. பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய சுவர்கள், ரீப்பர் மாதிரி மெல்லிய மரக்குச்சிகள், வார்ப்புத் துண்டுகள், அசல் அளவிலேயே அச்சடித்த வரைபடம், நிதானமாகப் படிக்க வேண்டிய செய்முறைப் புத்தகம். ஜார்ஜ் செல்லியோஸ் 1967-ல் தொடங்கிய ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் இந்த வகைக்கு ஒரு தரத்தை வகுத்து வைத்தது. கட்டி முடித்தால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. சாயம் ஏற்றுவதும் பழசாக்குவதும் கட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

நான் இறங்கக் காரணம் ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வரும் கிட்கள் பெரும்பாலும் பலகை வீடுகள், 2 மி.மீ. சுவர் போதும். நம்ம பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். 1:87-ல் அது 5.2 மி.மீ. இந்தக் கனம் சன்னல் குழிவில் தெரியாவிட்டால் என்ன பெயின்ட் அடித்தாலும் அட்டைப் பெட்டிதான். கூரை உயரமும் அப்படியே. 15 அடி உயர அறை இந்த ஸ்கேலில் 52.5 மி.மீ. வருகிறது. அங்கிருந்து வரும் வீட்டில் நம் ஓட்டை ஒட்டி ஒப்பேற்றினால் முகச்சாயல் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

சுவருக்கு நான் யோசித்திருப்பது இது: வெளிப்பக்கம் 2 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), சன்னல், கதவு ஓட்டைகளைச் சுற்றி மட்டும் உள்ளே 5 மி.மீ. அகல அட்டைப் பட்டை. வெளியிலிருந்து பார்த்தால் முழுக் கனமும் தெரியும். எடையும் ஏறாது.

மரம், கூரை, அந்த வேலைப்பாடு இந்த மூன்றிலும் உங்கள் அனுபவம் வேண்டும். லேசர் மெஷின் வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

---

பீன்யா பட்டறை எழுதியது:

அண்ணே, நல்ல காரியம். மெஷின் நம்மகிட்ட ஓடுது, அதனால வெட்டுற பக்கத்துலருந்து சொல்றேன்.

மொதல்ல கெர்ஃப், அதாவது வெட்டுல கரையுற அகலம். லேசர் போற வழியில 0.15லருந்து 0.2 மி.மீ. வரைக்கும் பொருளைத் தின்னுடும். காடி, அதாவது நாக்கு செருகுற பள்ளம், 2 மி.மீ.ன்னு வரைஞ்சா வெட்டி வர்றப்ப 2.15 இருக்கும், நாக்கு லொடலொடன்னு ஆடும். படத்துலேயே அதைக் கழிச்சு வரையணும். அதைவிடப் பெரிய விஷயம், 2 மி.மீ.ன்னு வாங்குற எம்டிஎஃப் வெர்னியர் வச்சுப் பார்த்தா 1.9ம் காட்டும், 2.2ம் காட்டும். ஒவ்வொரு கட்டு வரும்போதும் அளந்து காடி அகலத்தை மாத்தணும். வரைபடத்துல அந்த அளவை ஒரே இடத்துல மாத்தினா எல்லாக் காடியும் மாறுற மாதிரி வச்சுக்கங்க. இல்லன்னா ஒவ்வொரு தடவையும் உக்காந்து நோண்டணும்.

ரெண்டாவது காசு. லேசருக்கு நிமிஷக் கணக்கு. பலகைக் கோடு, கல் கட்டு இதையெல்லாம் மேலயும் கீழயும் ஓடிச் சுரண்டுற மாதிரி போட்டா ஒரு சுவருக்கே நேரம் இழுக்கும். அதே கோட்டை மெல்லிய ஒத்தைக் கீறலா போட்டா சட்டுனு முடிஞ்சிடும், பார்க்கவும் கூர்மையா இருக்கும். கிட் விலை ஏறுறதும் எறங்குறதும் இந்த ஒரு முடிவுலதான்.

மேல் பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினா புகைக்கறை படியாது. ஆனா ரொம்பச் சின்னத் துண்டுல டேப் உரிக்கும்போது துண்டும் கூட வந்துடும். அதுக்கு டேப் இல்லாம காத்து அழுத்தம் கூட்டி வெட்டணும். ஷீட்டுலருந்து துண்டு கழண்டு விழாம இருக்க 0.4 மி.மீ. பாலம் ரெண்டு மூணு விடுங்க, கத்தி நுனியால தொட்டா வந்துடும். பாலத்தை வெளிய தெரியுற விளிம்புல வைக்காதீங்க.

இன்னொண்ணு, யாரும் பிவிசி ஷீட்டை எடுத்துக்கிட்டு லேசர் கடைக்குப் போகாதீங்க. குளோரின் கலந்த புகை வரும். ஆளுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிச்சுப் போகும். சன்னல் கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட்ங்கற தெளிவான பிளாஸ்டிக் தாள் போதும், அதைக் கத்தியாலேயே வெட்டிக்கலாம்.

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

ஏன் 1:87? இங்கே பலரும் பிரிட்டிஷ் ஓஓ, அதாவது 1:76 தானே வைத்திருக்கிறோம். நம் நாட்டுக் கட்டடத்துக்கும் அந்த அளவுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அடிக்கு 4 மி.மீ., கணக்கும் சுலபம்.

---

அல்சூர் தச்சன் எழுதியது:

நியாயமான கேள்வி. நானும் 1:76-ல் வரைந்து பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

தண்டவாளக் கணக்கு இப்படி. நம் அகலப்பாதை 1676 மி.மீ. 1:76-ல் அது 22 மி.மீ., 1:87-ல் 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் தண்டவாளம் இரண்டு ஸ்கேலுக்கும் 16.5 மி.மீ.தான். ஆக அகலப்பாதை இரண்டிலுமே ஒல்லியாகத்தான் தெரியும், 1:76-ல் இன்னும் ஒல்லி. ஆனால் பெங்களூர் அகலப்பாதை மட்டும் இருந்த ஊர் இல்லையே. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்டுக்கு வந்தது அகலப்பாதை. மைசூர் பக்கம் போனது மீட்டர் கேஜ். சிக்பள்ளாப்பூர் பக்கம் போனது 762 மி.மீ. குறும்பாதை. மீட்டர் கேஜ் 1:87-ல் 11.5 வரும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவில் தயாராகவே விற்கிறது. குறும்பாதை 8.8 வரும், 9 மி.மீ. தண்டவாளம் கச்சிதமாக உட்காரும். இந்த ஊர் ரயிலை மூன்று பாதையோடும் காட்ட நினைப்பவருக்கு 1:87 தான் வசதி.

தண்டவாளமே போடாமல் டயோரமாவாக, அதாவது ஒரு காட்சியாக மட்டும் கட்டுபவருக்கு எதுவானாலும் ஒன்றுதான். கோப்பைப் பெரிதாக்கி 1:76-ல் வெட்டித் தருவது முடியாத காரியம் இல்லை. ஆனால் எம்டிஎஃப் கனம் கோப்போடு சேர்ந்து பெரிதாகாது. காடி எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். முதல் கிட் ஒரே ஸ்கேலில் வரட்டும்.

---

கல்யாண்நகர் மீனா எழுதியது:

நான் கட்டடக்கலை படித்தவள், பழைய வீடுகளை அளந்து வரைவது என் தொழிலின் ஒரு பகுதி. அளவு சேகரிக்கும் வேலை பற்றிக் கொஞ்சம்.

வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கிட் என்று சொன்னால் புரியாது, கையில் ஒரு மாதிரியை எடுத்துப் போய்க் காட்டுங்கள். உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும் வெளிச்சுவரை ஒழுங்காக அளக்க வழி உண்டு. அடி அடியாகக் கறுப்பு வெள்ளை பூசிய ஒரு 2 மீட்டர் குச்சியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, சுவருக்கு நேர் எதிரே, சுவரின் நடுவுக்கு நேராக நின்று படம் எடுங்கள். சாய்ந்து எடுத்த படத்திலிருந்து வரைந்தால் சன்னல் எல்லாம் ஒரு பக்கம் நசுங்கும். மாடிப் பகுதிக்குக் குச்சி எட்டாது. அங்கே கதவு நிலை, செங்கல் வரிசை, ஓட்டு வரிசை இவற்றை எண்ணிக் கணக்குப் போட வேண்டும். பழைய செங்கல் 9 அங்குல நீளம், மங்களூர் ஓடு ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 32 செ.மீ. ஏறும். இரண்டும் ஒத்துப் போனால் அளவு சரி.

முக்கியமான ஒன்று: மங்கி டாப்பை ஒரு வீட்டில் பார்த்தது போதும் என்று விடாதீர்கள். சிலவற்றில் செங்குத்துப் பட்டைகள் நெருக்கமாக நின்று அடி நுனியில் மட்டும் வெட்டு இருக்கும். சிலவற்றில் குறுக்குச் சல்லடை. இரண்டையும் கலந்து ஒரு கிட்டில் போட்டால் ஊர் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அதற்கே உண்மையாக இருங்கள்.

அந்தப் பட்டை ஒன்று ஓரங்குலம்தான் அண்ணா. 1:87-ல் 0.29 மி.மீ. லேசர் தின்னும் அகலமே 0.2 என்கிறார் பீன்யாக்காரர். மரத்தில் வெட்டினால் கரியாகிப் போகாதா?

---

பீன்யா பட்டறை எழுதியது:

மீனா மேடம் சொன்னது சரி. 0.3 மி.மீ.ல மரத்துல நிக்காது. அட்டையில ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஊத்தி இறுக்கினா நிக்கும், ஆனா கட்டுறவர் கை பட்டாப் பிஞ்சிடும்.

---

ஜாலஹள்ளி குமரன் எழுதியது:

நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள், மாடல் கட்டுவது வார இறுதியில். இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது.

சர்க்யூட் போர்டில் சால்டர் பேஸ்ட் பூச ஸ்டென்சில் வெட்டுவார்கள். 0.1 அல்லது 0.12 மி.மீ. கனத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, அதில் மயிரிழை ஓட்டைகளை ஃபைபர் லேசரில் வெட்டித் தருகிற இடங்கள் பெங்களூரில் தாராளமாக உண்டு. அது தின்னும் அகலம் மர லேசரைவிட மிகக் குறைவு. 0.3 மி.மீ. பட்டை அதற்குச் சாதாரணம். 0.12 மி.மீ. கனத்தை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 10 மி.மீ. சொச்சம். உண்மையான மங்கி டாப் பலகை ஏறக்குறைய அந்தக் கனம்தான் இருக்கும். ஒரு தகட்டில் பல கிட்டுக்கு வேண்டியதை நெருக்கி அடுக்கிவிடலாம். கட்டணம் பெரும்பாலும் தகட்டு அளவையும் ஓட்டைகளின் எண்ணிக்கையையும் வைத்து வருவதால் அடுக்குகிற விதத்தில்தான் மிச்சம்.

ஸ்டென்சில்காரருக்கு அனுப்பும் கோப்பில் எது ஓட்டை எது தகடு என்று தெளிவாக நிரப்பிக் காட்டுங்கள். அவர்களுக்கு வழக்கமாகப் போவது சர்க்யூட் கோப்பு, கட்டடப் படம் இல்லை. இன்னொன்று, ஸ்டீலில் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. தகட்டை முதலில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்தில் பிடிக்கிற எட்ச் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, பிறகுதான் வெள்ளையோ பச்சையோ. செய்முறைப் புத்தகத்தில் இதை எழுதாவிட்டால் பெயின்ட் சருகு சருகாக உரிந்து வரும்.

---

அல்சூர் தச்சன் எழுதியது:

குமரன், மிக்க நன்றி. பித்தளையில் அமிலம் வைத்து அரித்து எடுப்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இது அதைவிட நேர்வழி. வாசல் முகப்புக்கு ஒன்று, சன்னலுக்கு ஆறு என்று ஒரே தகட்டில் அடுக்கி வரைந்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

---

மாரிகுப்பம் பாசஞ்சர் எழுதியது:

மரம் பத்தி நான் சொல்றேன். தங்கவயல்காரன், இப்ப கிருஷ்ணராஜபுரத்துல குடித்தனம்.

அமெரிக்கக் கிட்ல வர்றது பாஸ்வுட். இங்க அது சுலபத்துல கிடைக்காது, வரவழைச்சா விலை கட்டாது. ஏரோமாடலிங் கடையில பால்சா கிடைக்கும், ஆனா பால்சாவுக்கு நார் முரடு. 1 மி.மீ. குச்சி வெட்டினா பஞ்சு மாதிரி ஓரம் பிசிறும், நகம் பட்டாக் குழியும். தேக்கு வெனீர் போட்டுப் பாக்கறாங்க சிலர். தேக்கு ரேகையும் துளையும் பெரிசு. 1:87-ல கைமரத்துல அந்த ரேகை தெரிஞ்சா ஒரு மரத்தையே உள்ளங்கை அகலத்துல பிளந்த மாதிரி இருக்கும்.

நம்ம பக்கத்துலயே இருக்கு பதில். சென்னப்பட்டணத்துல பொம்மை கடைவாங்களே, அந்த மரம். கன்னடத்துல ஹாலே மரம்பாங்க, நம்ம வெட்பாலை. தந்த வெள்ளை, ரேகையே கண்ணுக்குத் தெரியாது, கத்தி வச்சா வெண்ணெய் மாதிரி போகும். பெங்களூர்லருந்து 60 கிலோமீட்டர். கடைசல் பட்டறையில மிஞ்சுற துண்டு போதும் நமக்கு. நல்லாக் காய்ஞ்சதான்னு பாத்து வாங்கி, சின்ன டேபிள் சாவுல 1.2 மி.மீ. குச்சி இழைச்சிருக்கேன். ஓரம் கண்ணாடி மாதிரி வருது. சாயமும் சீரா ஏறுது.

சாயத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல இண்டியன் இங்க் சில சொட்டு. குச்சியை முக்கி எடுத்தா மழையில நனைஞ்சு வெளுத்த மரத்தோட சாம்பல் நிறம் வந்துடும். ஒட்டறதுக்கு முன்னாடி சாயம், அதுல மாத்தமே கூடாது. ஃபெவிகால் பட்ட இடத்துல சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டு நின்னுடும். இந்த வரியைப் புத்தகத்துல பெரிய எழுத்துல போடுங்க.

---

அல்சூர் தச்சன் எழுதியது:

வெட்பாலை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கட்டு குச்சி வாங்கிக்கொள்கிறேன், விலையைத் தனிமடலில் சொல்லுங்கள் அண்ணே.

இப்போது கூரை. இதுதான் இந்தக் கிட்டின் உயிர் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மங்களூர் ஓடு 410 x 235 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது போக வெளியே தெரிவது சுமார் 320 x 210. ஒரு சதுர மீட்டருக்கு 15 ஓடு. நான் எடுத்திருக்கிற வீட்டில் ஒரு பக்கச் சரிவு மட்டும் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் இறக்கம். 50 சதுர மீட்டர், 750 ஓடு. இரண்டு பக்கமும் சேர்த்தால் 1500. இதைத் தனித்தனியாக ஒட்டச் சொல்வது கொடுமை. ஒரே ஷீட்டாக வார்த்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எல்லா ஓடும் ஒரே மட்டத்தில், இராணுவ வரிசை மாதிரி நிற்கும். நூறு வருடக் கூரை அப்படி இருக்காது. நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கும், அங்கங்கே ஓர் ஓடு நழுவியிருக்கும்.

நான் தீர்மானித்திருப்பது வரிசைப் பட்டை. 0.2 மி.மீ. தாளில் 5 மி.மீ. அகலப் பட்டை, ஒவ்வொரு 2.4 மி.மீ.க்கும் ஒரு கீறல், அடி விளிம்பில் ஓட்டின் வளைவுக்கு மெல்லிய நெளிவு. கூரைப் பலகையில் 3.7 மி.மீ.க்கு ஒரு கோடு லேசரிலேயே போட்டிருக்கும். கீழிலிருந்து மேலாக, கோட்டில் பட்டையின் மேல் விளிம்பு உட்கார ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு சரிவுக்கு 16 பட்டை. ஓர் இடத்தில் ஓடு நழுவியதைக் காட்ட நினைத்தால் கீறலில் கத்தி வைத்து ஒன்றை வெட்டி அரை மில்லி இறக்கி ஒட்டலாம். முகட்டு ஓட்டுக்கு மட்டும் ரெசின் வார்ப்பு, சுண்ணாம்புக் கலவை பூசிய தடிப்போடு.

வண்ணம்: பட்டைகளை ஷீட்டிலேயே வைத்து ஆரஞ்சு கலந்த செம்மண் நிறம் அடிக்க வேண்டும். ஒட்டி முடித்த பின் தனி ஓடுகளாகச் சிலவற்றைக் கருஞ்சிவப்பில் தொட வேண்டும். மரநிழல் விழும் பக்கம் பாசி பிடித்துக் கறுத்திருக்கும், அங்கே மட்டும் கறுப்பை நீர்க்கக் கரைத்து ஓட விடலாம். எந்தப் பக்கம் மரம் என்பதைக் கட்டுகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் யார் வாங்குவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. வண்ணம் பூசிய எம்டிஎஃப், காடியில் செருகினால் நிற்கிற மாதிரி, ஒரு மாலையில் முடிகிற கிட்டாகக் கொடுத்தால் பரிசாகவும் வாங்குவார்கள். 32 பட்டை ஒட்டு, சாயம் ஏற்று, ப்ரைமர் அடி என்றால் புதிதாக வருபவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்.

---

அல்சூர் தச்சன் எழுதியது:

மூடி வைப்பது வேலை அதிகம் என்பதால் இல்லை ஐயா, அடுத்தது என்ன என்று தெரியாததால். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

எந்தத் துண்டு எங்கே போகும் என்று யோசிக்க வைப்பது கட்டுகிறவருக்குத் தரும் வேலை இல்லை, வரைந்தவர் தன் வேலையை அவர் தலையில் கட்டுவது. அதனால் நான் ஷீட்டை இடத்தை மிச்சம் பிடிக்கிற மாதிரி அடுக்கவில்லை, கட்டுகிற வரிசையில் அடுக்கியிருக்கிறேன். முதல் ஷீட்டில் சுவரும் அதன் முட்டுக் கட்டைகளும். சன்னல் எல்லாம் ஒரே ஷீட், நிலை, சட்டம், கதவு என்று மூன்று அடுக்கு. துண்டின் பெயர் துண்டுக்குப் பக்கத்திலேயே பொறித்திருக்கும். குச்சிகளை வெட்ட அசல் அளவு வரைபடம் இருப்பதால் ஸ்கேல் வைத்து அளக்கவே தேவையில்லை, படத்தின் மேல் வைத்து வெட்டினால் போதும். எளிதில் தொலைகிற சின்னத் துண்டு எல்லாம் ஒன்றிரண்டு உபரி.

சுவர் வளைகிற பிரச்சினையும் வரிசையால் தீர்வதுதான். எம்டிஎஃப் அல்லது அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் பெயின்ட் அடித்தால் வளையும். முட்டுக் கட்டையை முதலில் ஒட்டி, பின்பக்கமும் ஒரு கை அடித்தால் வளையாது. இதைப் பக்கக் குறிப்பாகப் போடாமல் முதல் படியாகவே போட்டுவிட்டால் யாருக்கும் வளையாது.

இப்படிக் கொடுத்தால் கையில் கத்தி பிடிக்கத் தெரிந்த யாரும் முடிப்பார்கள். சாயமும் பாசியும் நழுவிய ஓடும் அவர்களுடையதாக இருக்கும். அதையும் நானே பூசிக் கொடுத்துவிட்டால் அவர்கள் வாங்கியது ஷோகேஸ் பொம்மை.

---

பீன்யா பட்டறை எழுதியது:

நான் அண்ணன் பக்கம். முகட்டு ஓடு ரெசின்ல வார்க்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் ரெசின் காத்து ஈரத்தைக் குடிச்சா நுரைச்சுப் போகும், உள்ள பூரா குமிழி. ஜூன்லருந்து அக்டோபர் வரைக்கும் பாட்டிலைத் திறந்தா உடனே மூடுங்க, டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. சிலிக்கான் மோல்டும் காலத்துக்கும் வராது, ஓரம் கிழிய ஆரம்பிச்சா மாத்திடணும். மூல மாதிரியை ரெசின் பிரிண்டர்ல எடுத்துப் பத்திரமா வச்சுக்கங்க, அதுலருந்து எத்தனை மோல்டு வேணாலும் எடுக்கலாம்.

---

கல்யாண்நகர் மீனா எழுதியது:

அண்ணா, ஒரு யோசனை. காட்பாடிக்காரர் சொன்ன கவலையை முழுதாகத் தள்ள வேண்டாம். பங்களா பெரிது: ஏழு வேலைப்பாடு, 1500 ஓடு, குழிவு சன்னல். முதல் கிட்டாக அதைவிடச் சின்னதை எடுங்கள். சிக்பள்ளாப்பூர் பாதையில் தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் என்று 1915-ஐ ஒட்டிக் கட்டிய குட்டி ஓட்டுக்கூரை நிலையங்கள் இருக்கின்றன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அவற்றைப் பழுதுபார்க்க முன்வந்ததால் பலர் கண்ணிலும் பட்டிருக்கின்றன. இதே கனச் சுவர், இதே ஓட்டுப் பட்டை, இதே வெட்பாலைக் குச்சி. நீங்கள் போட்ட 9 மி.மீ. தண்டவாளக் கணக்கும் அங்கே பொருந்துகிறது. செய்முறைப் புத்தகத்தின் முறையை அந்தச் சின்னக் கட்டடத்தில் சரிபார்த்துவிட்டால், பங்களாவுக்கு அதே நடையில் எழுதலாம்.

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

இதை நான் முழு மனதாக வழிமொழிகிறேன். நந்தி ஹால்ட் என்றால் முதல் பெட்டி எனக்கு.

---

அல்சூர் தச்சன் எழுதியது:

மீனா சொல்வது சரி. நிலையத்தை முன்னே வைக்கிறேன். பங்களா வரைபடம் இருக்கவே இருக்கிறது, ஸ்டென்சில் தகடு மட்டும் குமரனோடு சேர்ந்து இப்போதே சோதித்துவிடலாம்.

முதல் வெட்டு வந்ததும் வரைபடத்தையே பார்த்திராத ஒருவர் புத்தகத்தை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும். காட்பாடி ஐயா, அது நீங்களாக இருந்தால் நல்லது. எந்தப் படியில் நின்று யோசித்தீர்களோ அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டால் போதும், ஏன் என்று எழுத வேண்டாம்.

---

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

சம்மதம். சாயம் ஏற்றி எனக்குப் பழக்கமில்லை, அதுவும் சோதனையில் சேரட்டும்.

---

மாரிகுப்பம் பாசஞ்சர் எழுதியது:

அளக்கப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க. ரயில்வே இடம்கறதால முன்கூட்டியே கடுதாசி குடுத்து அனுமதி வாங்கணும், அதை நான் பாத்துக்கறேன். கறுப்பு வெள்ளைக் குச்சியும் நானே இழைச்சுக் கொண்டாரேன். அடிக் கணக்கு வேணுமா, மீட்டர் கணக்கு வேணுமா?

---

கல்யாண்நகர் மீனா எழுதியது:

ஒரு பக்கம் அடி, மறுபக்கம் 10 செ.மீ. போடுங்கள் அண்ணா. 1915 கட்டடம், அன்றைக்கு அடியில்தான் கட்டியிருப்பார்கள், அளவு முழு எண்ணாக விழும். காலை வெயில் சுவரில் நேராக விழுவதற்கு முன் அங்கே இருந்தால் கூரையடி நிழல் சன்னலை மறைக்காது.